மிட்ஜ் மிகுந்த காட்டில் முதல் முகாம்: நுண்கண் தலைவலை குறித்த மதிப்புரை

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலக் காடுகளில், கழிப்பறையோ குழாய்த் தண்ணீரோ இல்லாத ஓரிடத்தில் முதன்முறையாகக் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள், கூடாரத்தின் எடையையும் ஸ்லீப்பிங் பேக் தாங்கும் குளிரையும் பற்றித்தான் நெடுநாள் ஆராய்கிறார்கள். மிட்ஜ் எனப்படும் கடிக்கும் குறு ஈக்களைத் தடுக்கத் தலையில் அணியும் வலை அவர்களுடைய பட்டியலின் கடைசி வரியில், இருந்தால் நல்லது என்ற அளவில் இடம்பெறுகிறது. மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை அங்கே செல்கிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டிய பொருளே அதுதான் என்பது என் கருத்து. கூடாரம் சற்றுக் கனமாக இருந்தால் தோள் வலிக்கும், அவ்வளவுதான். வலை சரியில்லையென்றால் காற்றில்லாத மாலையில் கூடாரத்தை அடிப்பதே பெரும்பாடாகிவிடும். அடித்த கூடாரத்தை மறுநாள் காலையில் பிரித்து மடிப்பது அதைவிடக் கடினமாகிவிடும்.

நான் இங்கே மதிப்பிடுவது, கறுப்பு நிறத்தில், நுண்ணிய கண்களுடன், கழுத்தில் இழுகயிறு வைத்துத் தைக்கப்பட்ட எளிய தலைவலையை. பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே வடிவத்தில் இதை விற்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு நிறுவனப் பெயரில் இல்லை; வலைக்கண்ணின் அளவிலும், நிறத்திலும், கழுத்துப் பகுதியின் நீளத்திலும் இருக்கிறது. ஆகவே பெயர்களை விட்டுவிட்டு, நான் அணிந்து பார்த்த வலையை முன்வைத்து இவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

வலை எதைத் தடுக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதை மதிப்பிட முடியாது. அந்தக் காடுகளில் மனிதரைக் கடிப்பதில் பெரும்பங்கு மேட்டுநில மிட்ஜ் எனப்படும் குறு ஈயினுடையது. அறிவியலாளர்கள் அதைக் குலிகாய்டிஸ் இம்பங்டேட்டஸ் என்று அழைக்கிறார்கள். இதே பேரினத்தைச் சேர்ந்த இனங்கள் ஸ்காட்லாந்தில் 30க்கும் மேல் இருந்தாலும், முகாமிடுகிறவரைத் துரத்துவது பெரும்பாலும் இந்த ஓர் இனம்தான். உடல் நீளம் 1 முதல் 2 மில்லிமீட்டர். கடிப்பவை பெண் ஈக்கள் மட்டுமே. இந்த இனத்தின் பெண் ஈ தன் முதல் தொகுதி முட்டைகளை இரத்தம் குடிக்காமலேயே இட்டுவிடும். அதற்கடுத்த முட்டைகளுக்குத்தான் அதற்கு இரத்தம் தேவைப்படுகிறது. பருவத் தொடக்கத்தில் ஈக்கள் பறந்தாலும் கடி அவ்வளவாக இல்லாமல், ஜூன் மாதத்தில் திடீரெனக் கடுமையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பயணத்துக்கான மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவர், முதல் முறை ஏப்ரலிலோ மே முற்பகுதியிலோ போய் வந்துவிடுவது நல்லது. அந்த வசதி இல்லாமல் ஜூலை, ஆகஸ்டு விடுமுறையில்தான் போக முடியும் என்பவருக்கே இந்த மதிப்புரை மிகவும் பயன்படும்.

மிட்ஜ் நம்மைத் தேடி வருவதற்கு நம் மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயு பெருமளவு வழிகாட்டுகிறது. மூச்சு வெளியேறும் இடமாகிய முகத்தைச் சுற்றியே அவை மொய்ப்பதில் வியப்பில்லை. காதோரம், மயிர்க்கால்கள், கண்ணிமை, தொப்பியின் விளிம்புக்குக் கீழே நெற்றி என்று அவை நுழைகிற இடங்களில் பலவற்றில் பூச்சி விரட்டித் தைலத்தைத் தாராளமாகத் தடவ முடியாது. கைகளுக்கு உறை, கால்களுக்கு நீண்ட காற்சட்டை என்று மற்ற உறுப்புகளுக்கெல்லாம் வழக்கமான உடையே போதுமானதாக இருக்க, முகத்துக்கு மட்டும் தனியாக ஒரு கருவி தேவைப்படுவது இதனால்தான்.

இனி வலைக்கண்ணுக்கு வருகிறேன். படுக்கைக்கு மேலே கட்டும் கொசுவலைகளில் பரவலாகக் காணப்படும் நெசவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 கண்கள் இருக்கும். அதாவது, நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டருக்கு 5 கண்கள், ஒவ்வோர் இழைக்கும் நடுவே 2 மில்லிமீட்டர். கொசுவுக்கு இது போதும். சிறகை மடித்துக்கொண்டு நடந்து நுழையும் மிட்ஜுக்கு இது திறந்த கதவு. கொசுவுக்கு எதிரான வலை என்று மட்டும் உறையில் அச்சிடப்பட்ட தலைவலைகளை நான் பரிந்துரைக்க மறுப்பதற்குக் காரணம் இதுவே. மிட்ஜைத் தடுக்கும் வலையில் சென்டிமீட்டருக்குக் குறைந்தது 12 கண்களாவது இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். அப்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 144 கண்கள் வரும், இழையின் தடிமனைக் கழித்தால் ஒவ்வொரு கண்ணும் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். உறையில் எழுதியிருப்பதை நம்பாமல், வலையை வெள்ளைத் தாளின்மேல் விரித்து, அளவுகோலை ஓரமாக வைத்து, கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணிப் பார்க்கலாம். ஒரு நிமிடத்துக்கும் குறைவான வேலை இது. ஓர் இரவின் நிம்மதி இதைப் பொறுத்திருக்கிறது. நான் எண்ணிப் பார்த்த வலை இந்த அளவைத் தாண்டியிருந்தது. அதை ஒழுங்காக அணிந்திருந்த வேளையில் வலைக்கண் வழியாக ஒரு மிட்ஜும் உள்ளே வரவில்லை.

வலைக்கண் சிறுத்தால் காற்றோட்டமும் குறையும். இது குறைபாடு என்பதைவிட, கண் சிறுத்ததற்கு நாம் கொடுக்கும் விலை என்பதே சரி. ஆனால் எவ்வளவு விலை என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. உலர்ந்த நிலையில், மெல்ல நடக்கும்போது, வலை இருப்பதே சிறிது நேரத்தில் மறந்துபோகிறது. முதுகுப்பையுடன் ஏற்றத்தில் ஏறும்போது உள்ளே வெப்பம் தேங்குகிறது. கண்ணாடி அணிந்தவருக்கு அது பனிபடியலாம். நடந்துகொண்டிருக்கும்போது மிட்ஜ் நம்மைப் பற்றுவது அரிது என்பதால், ஏற்றத்தில் வலையைத் தொப்பியின்மேல் சுருட்டி வைத்துக்கொண்டு, நிற்கும்போது மட்டும் இறக்கிவிடுவதே நடைமுறை.

விற்பனையாளர்கள் பேசாத ஒன்று, நனைந்த வலையின் நடத்தை. மிட்ஜ் மிகுதியாகப் பறப்பது மேகம் கவிந்த, காற்று நின்றுபோன, ஈரப்பதம் மிகுந்த வேளைகளில். அதாவது, தூறல் விழுகிற வேளைகளில்தான் இந்த வலை மிகவும் தேவைப்படும். அப்போது ஒவ்வொரு நுண்கண்ணிலும் நீர் மெல்லிய படலமாக நின்றுவிடுகிறது. கண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு உறுதியாக அந்தப் படலம் நிற்கும். பார்வை மங்குகிறது, மூச்சும் சற்றுத் தடைப்படுவதுபோல் தோன்றுகிறது. வலையின் ஓரத்தைப் பிடித்து ஓரிரு முறை உதறினால் நீர் தெறித்துவிடும் என்றாலும், தொடர்தூறலில் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க வேண்டும். வாங்கிய வலையை ஊருக்குப் புறப்படுமுன் குழாயடியில் நனைத்து அணிந்து பார்க்கும்படி நான் வற்புறுத்துவேன். மூடிய உணர்வு ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை வீட்டிலேயே தெரிந்துகொள்வது, காட்டில் அந்திவேளையில் தெரிந்துகொள்வதைவிட மேலானது.

நிறத்தைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. மிட்ஜ் கருநிறங்களை நாடும், ஆகவே வெளிர்நிற உடை அணிய வேண்டும் என்பது நல்ல அறிவுரைதான். சட்டைக்கும் காற்சட்டைக்கும் அதைக் கடைப்பிடிக்கலாம். தலைவலைக்கு அது பொருந்தாது. வெள்ளை, பச்சை, பழுப்பு வலைகள் தம்மேல் படும் ஒளியைக் கண்ணை நோக்கித் திருப்புகின்றன; எதிரில் உள்ள காட்சியைவிட வலையின் இழைகளே கண்ணில் நிற்கின்றன. கறுப்பு வலை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் இழை மறைந்து காட்சி தெளிகிறது. பாறைகளுக்கும் வேர்களுக்கும் இடையே கால் வைத்து நடக்க வேண்டிய இடத்தில், இந்த வேறுபாடு கணுக்காலைக் காக்கும். கறுப்பும் அந்தியில் பார்வையை ஓரளவு இருட்டாக்கத்தான் செய்கிறது. அதனால் கூடாரம் அடிக்கும் வேலையை வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். நெற்றியில் கட்டும் விளக்கை வலைக்கு வெளியே போட்டாலும் உள்ளே போட்டாலும் கூசுகிறது. கையில் பிடிக்கும் விளக்கை இடுப்பளவில் வைத்துக்கொண்டால் தரை தெளிவாகத் தெரிகிறது.

இந்த வலை தனித்து நிற்கும் பொருள் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் வலை எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும், மிட்ஜ் தன் வாயுறுப்பை வலைக்கண்ணுக்குள் நுழைத்துக் கடித்துவிடும். ஆகவே சுற்றிலும் விளிம்புள்ள, விறைப்பான தொப்பி ஒன்று கட்டாயம் வேண்டும். முன்புறம் மட்டும் நீண்டிருக்கும் தொப்பி முகத்தைக் காக்கும். காதுகளையும் பிடரியையும் விட்டுவிடும், கடியும் அங்கேதான் விழும். உள்ளே கம்பி வளையம் வைத்துத் தைத்த வலைகளும் கிடைக்கின்றன. வளையம் தலை அசையும்போது ஆடிக்கொண்டே இருக்கிறது, மடித்து வைத்தால் கோணிக்கொள்கிறது. எளிய வலையும் நல்ல தொப்பியும் சேர்ந்த அமைப்பே எனக்கு நிறைவளித்தது.

கழுத்துப் பகுதியில்தான் இந்த வலை முழு மதிப்பெண் பெறத் தவறுகிறது. இழுகயிறு நன்றாகவே இறுகுகிறது. ஆனால் அதற்குக் கீழே தொங்கும் துணியின் நீளம் ஒரு விரல் அளவே இருப்பதால், குனிந்து ஆணி அடிக்கும்போது அது காலருக்குள்ளிருந்து மேலே ஏறிவிடுகிறது. ஒரு சிறு இடைவெளி போதும், உள்ளே வந்த மிட்ஜ் வெளியேறத் தெரியாமல் உள்ளேயே இருந்து கடிக்கும். வலைக்கண் வழியாக நுழையாத ஈ, கழுத்தின் வழியாக நுழைந்தது. வாங்குகிறவர்கள் தோள்வரை இறங்கும் வடிவத்தைக் கேட்டு வாங்கினால், மேற்சட்டையின் ஜிப்பை அதன்மேல் மூடிவிடலாம். அப்படி மூடிய பிறகு எவ்வளவு குனிந்தாலும் அது நகராது. அக்குளுக்குக் கீழே மாட்டும் இழுபட்டைகள் உள்ள வடிவமும் இதே வேலையைச் செய்யும்.

உண்பதும் பருகுவதும் எந்தத் தலைவலையிலும் தொல்லைதான். குழாயுள்ள தண்ணீர்ப் பையை வலைக்குக் கீழாக நுழைத்துக் குடிக்கலாம். உணவுக்கு அப்படி ஒரு வழி இல்லை. வலையை மோவாய்வரை தூக்கி, நடந்தபடியே உண்பதுதான் ஆகக்கூடியது. எனவே முதல் பயணத்தில் மாலை உணவைக் காட்டுக்குள் நுழையுமுன், காற்று வீசும் திறந்த மேட்டில் சமைத்து உண்டுவிட்டு, அதன்பின் தங்கும் இடத்துக்குப் போகும்படி திட்டமிடுவது மிகவும் உதவுகிறது. இன்னொரு எச்சரிக்கை: இந்த வலை நைலானாலோ பாலியெஸ்டராலோ ஆனது; நெருப்பில் உருகி ஒட்டிக்கொள்ளும். அணிந்தபடி கேஸ் அடுப்பின்மேல் குனியக் கூடாது. மிட்ஜுக்கு அஞ்சி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவது அதைவிடப் பெரிய ஆபத்து. தீயும் கார்பன் மோனாக்சைடு நச்சும் மூடிய கூடாரத்தில் உயிரைப் பறித்துவிடக்கூடியவை. கொசுவர்த்திச் சுருளைக் கூடாரத்துக்குள் ஏற்றுவதற்கும் இது பொருந்தும்.

புகை மூட்டி மிட்ஜை விரட்டலாம் என்று விறகுத் தீ வளர்க்க எண்ணுகிறவர்களும் உண்டு. காடுகளிலும் பீட் மண்ணிலும் திறந்த தீ மூட்ட வேண்டாம் என்று ஸ்காட்லாந்தின் வெளிப்புற நடமாட்ட நெறிமுறை கூறுகிறது. பீட் என்பது மட்கிய தாவரங்களால் ஆன மண். அதற்குள் இறங்கிய நெருப்பு மேலே அணைந்ததுபோல் தோன்றினாலும் அடியில் கனன்றுகொண்டே பரவும். தலைவலை கையில் இருந்தால் அந்த எண்ணமே எழாது என்பது இதன் நற்குணங்களுள் ஒன்று.

பூச்சி விரட்டிகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்காமல் மதிப்புரை முழுமையாகாது. டீட் என்ற வேதிப்பொருள் கலந்த விரட்டிகள் வேலை செய்கின்றன. ஆனால் அவை சில வகைப் பிளாஸ்டிக்குகளையும் ரேயான், ஸ்பான்டெக்ஸ் துணிகளையும் கெடுக்கும். கண்ணாடி, கைக்கடிகாரம், இழுகயிற்றின் பிளாஸ்டிக் பூட்டு ஆகியவற்றில் பட்டால் கறையோ உருகலோ ஏற்படலாம். பிகாரிடின் என்ற மற்றொரு வேதிப்பொருள் 20 விழுக்காடு கலந்த விரட்டிகள் பிளாஸ்டிக்கைக் கெடுப்பதில்லை, மணமும் குறைவு. தலைவலையுடன் சேர்த்துப் பயன்படுத்த நான் தேர்ந்தெடுப்பது பிகாரிடினைத்தான். மணிக்கட்டு, கணுக்கால், கழுத்தின் கீழ்ப்பகுதி ஆகிய எல்லைகளில் தடவினால் போதும். துணிகளுக்குப் பூசும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி வேறு வகை. ஈரமாக இருக்கும்போது அது பூனைகளுக்கும், தண்ணீரில் கலந்தால் மீன்களுக்கும் கடும் நச்சு. ஆகவே அதை வீட்டில், உறைச்சீட்டில் சொன்னபடி பூசி, முழுதும் உலரவிட்டுத்தான் அணிய வேண்டும். ஓடைக்கரையில் தெளிப்பது கூடவே கூடாது. விரட்டி எதுவானாலும் வியர்வையிலும் தூறலிலும் கரைந்து போய்விடும், மறுபடியும் தடவ வேண்டும். வலைக்கு அந்தக் கால எல்லை இல்லை. இரண்டில் ஒன்றுதான் பைக்குள் இடம் பெறும் என்றால் நான் வலையையே எடுப்பேன்.

தலைவலையின் தரத்தைக் கூடாரத்தின் உட்பகுதிக்கும் நீட்டிப் பார்க்க வேண்டும். பல இலகுரகக் கூடாரங்களின் உள்வலை கொசுவை மனத்தில் வைத்து நெய்யப்பட்டது. தலைவலையை எண்ணிய அதே முறையில் கூடாரத்தின் உள்வலையையும் எண்ணிப் பாருங்கள். சென்டிமீட்டருக்கு 12 கண்கள் இல்லாத கூடாரத்தை மிட்ஜ் பருவத்தில் கொண்டுபோவதில் பொருளில்லை. வெளிக்கூரையும் உள்வலையும் ஒன்றாக இணைந்தே நிமிரும் கூடாரம், இவ்விரண்டையும் தனித்தனியாக அடிக்க வேண்டிய கூடாரத்தைவிட விரைவில் தயாராகும். நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வருகிற இடத்தில் இது பெரிய நன்மை. உள்ளே நுழையுமுன் கூடாரத்திலிருந்து சற்று விலகி விரைந்து நடந்து, உடையில் ஒட்டியிருப்பவற்றைத் தட்டிவிட்டு, வலையைக் கழற்றாமலேயே நுழைந்து, ஜிப்பை மூடிய பிறகே கழற்ற வேண்டும். காலையில் இதே வரிசை தலைகீழாக: படுக்கை, உடைகள் அனைத்தையும் உள்ளேயே பையில் அடைத்து, தொப்பியும் வலையும் கையுறையும் அணிந்த பிறகே ஜிப்பைத் திறக்க வேண்டும்.

வலை எவ்வளவு நல்லதானாலும், அதை எங்கே அணிந்துகொண்டு நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் வெற்றி. மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் மிட்ஜால் பறக்க முடிவதில்லை. மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் இந்தக் காற்று நுழைவதில்லை என்பதே முதல் முறை செல்பவர்களின் சிக்கல். காற்றுக்கு ஒதுங்கிய, பாசி படர்ந்த, தண்ணீருக்கு அருகிலான சமநிலம் கூடாரத்துக்கு ஏற்ற இடமாகத் தோன்றும்; மிட்ஜுக்கும் ஏற்ற இடம் அதுவே. இதன் புழுக்கள் வளர்வது ஈரமான, அமிலத்தன்மை மிகுந்த பீட் மண்ணில். கோரையைப் போல் கொத்துக்கொத்தாக நிற்கும் ஜங்கஸ் செடியும், மிதித்தால் நீர் கசியும் ஸ்பேக்னம் பாசியும் தென்படும் இடத்தில் கூடாரம் அடிக்கக் கூடாது. காட்டின் விளிம்பு, மேட்டின் முதுகு, ஏரிக்குள் நீண்டு காற்றை நேராக வாங்கும் கரைமுனை ஆகியவற்றைத் தேட வேண்டும். வரைபடத்தில் உயரக்கோடுகளைப் பார்த்து இரண்டு மூன்று இடங்களை முன்னதாகவே குறித்துக்கொண்டு, அன்றைய காற்றின் திசைக்கு ஏற்ப அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்ல முறை. கைபேசி இணைப்பு அங்கே பல இடங்களில் கிடைக்காது என்பதால் தாள் வரைபடமும், போகும் இடமும் திரும்பும் நேரமும் அறிந்த ஒருவரும் வேண்டும். மிட்ஜின் அளவை 1 முதல் 5 வரை தரப்படுத்தி வெளியிடும் முன்னறிவிப்புச் சேவையும் ஸ்காட்லாந்துக்கென்று உண்டு. புறப்படுமுன் அதையும் காற்று முன்னறிவிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்று முன்னறிவிப்பில் இரவுக்கும் விடியலுக்கும் உரிய எண்களைப் பார்ப்பது முக்கியம். பகலில் வீசிய காற்று அந்தியில் நின்றுபோவது அங்கே வழக்கம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்பவருக்குப் பெரும்பாலான நிலங்களில் நடமாடவும் கூடாரமிடவும் உரிமை தருகிறது. சிறு குழுவாக, குறைந்த சுமையுடன், ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் தங்காமல் இருப்பதே நெறிமுறை எதிர்பார்க்கும் ஒழுக்கம். லாக் லோமண்ட், ட்ரோசக்ஸ் தேசியப் பூங்காவின் சில ஏரிக்கரைப் பகுதிகளில் மட்டும் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை முகாமிட அனுமதிச்சீட்டு வேண்டும். மிட்ஜ் பருவம் முழுவதும் இந்தக் கட்டுப்பாட்டுக் காலத்துக்குள் அடங்கிவிடுவதால், அங்கே போகிறவர் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். எல்லைக்குத் தெற்கே, இங்கிலாந்தின் கீல்டர் காட்டிலும் மிட்ஜ் உண்டு. ஆனால் ஸ்காட்லாந்தின் சட்டம் அங்கே செல்லாது, நில உரிமையாளரின் இசைவு இல்லாமல் தங்க முடியாது. மலங்கழிக்க நீர்நிலைகளிலிருந்து குறைந்தது 30 மீட்டர் விலகிப் போய்க் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்பதும் நெறிமுறையில் அடங்கும். அந்த நேரத்திலும் தலைவலை உடன் இருக்கட்டும்.

இந்த வலை எதைச் செய்யாது என்பதையும் குறிப்பிட வேண்டும். உண்ணிகளை இது தடுக்காது. அவை புல்லிலும் புதரிலும் காத்திருந்து காலில் ஏறுபவை. லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பக்கூடியவை. ஸ்காட்லாந்தின் மிட்ஜ் மனிதருக்கு நோய் எதையும் பரப்புவதாக அறியப்படவில்லை. அதன் கடி அரிப்பும் தடிப்பும் தருவதோடு நின்றுவிடுகிறது. நோயின் அளவுகோலில் பார்த்தால் அஞ்ச வேண்டியது உண்ணிக்கே. முகத்தின்மேல் கவனம் முழுவதும் போய்விடுவதால் கால்களை மறந்துவிடும் ஆபத்து உண்டு. காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, இரவு கூடாரத்துக்குள் முழங்காலின் பின்புறம், தொடையிடுக்கு, அக்குள் ஆகியவற்றைப் பார்த்து, உண்ணி இருந்தால் அதற்கான கொக்கியாலோ நுண்முனை இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து எடுத்துவிட வேண்டும். கடி பட்ட இடங்களின் அரிப்புக்கு ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை உதவும். முன்பு கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் இத்தகைய பயணத்துக்குப் புறப்பட வேண்டும்.

முழு மேற்சட்டையோடு இணைத்துத் தைத்த வலைக்கவசங்களும் கிடைக்கின்றன. தோட்ட வேலை, மீன்பிடித்தல், ஓவியம் வரைதல் என்று ஓரிடத்திலேயே நெடுநேரம் இருப்பவருக்கு அது தலைவலையைவிடச் சிறந்தது. கழுத்தில் இடைவெளியே இராது. முதுகுப்பையின் வார்கள் அதன் தோள்பகுதியைத் தேய்த்து ஓட்டையாக்கிவிடும் என்பதால், நடந்து சென்று தங்குகிறவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. தலைவலை உள்ளங்கைக்குள் மடங்கும், எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மாற்று வலையைக் கூடுதலாக எடுத்துச் செல்வதற்கும் தடையில்லை. தனியாகப் போகிறவர் கட்டாயம் இரண்டு வைத்திருக்க வேண்டும். மரக்கிளையில் மாட்டி ஒரு வலை கிழிந்தால், அடுத்த நாள் வெளியேறும்வரை வேறு வழி கிடையாது.

ஐந்துக்கு நான்கு என்று இதை மதிப்பிடுகிறேன். கண்ணளவுக்கும் நிறத்துக்கும் முழு மதிப்பெண்; குறைத்த ஒன்று கழுத்துத் துணியின் நீளத்துக்காக. தோள்வரை இறங்கும் வடிவம் கிடைத்தால் அந்த ஒன்றையும் தயங்காமல் கொடுத்துவிடுவேன்.

பராமரிப்புக்குப் பெரிய முயற்சி தேவையில்லை. வலையை முதுகுப்பையின் மேல்பையில் வைக்க வேண்டும்; அடியில் வைத்தால், அதை எடுப்பதற்காகப் பையைப் பிரிக்கும் நேரத்திலேயே கடி தொடங்கிவிடும். வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு இட்டுக் கையால் அலசி, வியர்வையும் விரட்டியின் எச்சமும் போகும்படி செய்து, முறுக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். உலர்ந்த வலையைச் சாளரத்தின் முன் விரித்துப் பிடித்தால் இழை விலகிய இடங்கள் ஒளியில் தெரியும். ஊசியும் மெல்லிய நூலும் கொண்டு அவற்றை அன்றே தைத்துவிட வேண்டும், ஏனெனில் 2 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போதும், மற்ற கண்கள் அத்தனையும் நுண்ணியவையாக இருந்தும் பயன் இராது.